இரண்டு தாளிலும் ஒரு வரி

உட்காருங்கள் மேடம். அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் குட்டை. இதில் உட்காருங்கள். நான் தைத்துக்கொண்டே பேசுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நாளைக்குக் காலையில் பள்ளிக்கூடச் சீருடை நாலு செட் கொடுத்தாக வேண்டும். பட்டனுக்குக் காஜா எடுப்பது மட்டும்தான் பாக்கி.

கேள்வியை இன்னொரு தரம் படியுங்கள். சாலை, பாலம் போன்ற பொதுப் பணிகளைத் தனியார் முதலீட்டில் செய்வது சரியா தவறா. சரி என்று ஒரு கட்டம், தவறு என்று ஒரு கட்டம், கருத்து இல்லை என்று ஒரு கட்டம். மூன்றே கட்டமா? இதற்காகவா சென்னையிலிருந்து வந்தீர்கள், பாவம்.

கருத்து இல்லை என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். எனக்குக் கருத்து இருக்கிறது. ஆனால் அரசியல் தெரியாது. நான் உண்டு, என் தையல் மிஷின் உண்டு. யார் விஷயத்திலும் தலையிடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், எங்கள் அப்பாவையும் மாமாவையும் தவிர.

அதோ, இரைச்சல் கேட்கிறதே, அதுதான் ரோடு. நாலு வழிச் சாலை. கம்பெனிக்காரன் காசு போட்டுப் போட்டது. முப்பது வருஷம் டோல்கேட்டில் வசூல் பண்ணிக்கொண்டு, அப்புறம் அரசாங்கத்திடம் கொடுத்துவிட்டுப் போவான் என்று ஒப்பந்தம். ரோடு எங்கள் ஊரைச் சரியாக நடுவில் வகிர்ந்துகொண்டு போகிறது. பள்ளிக்கூடம், ரேஷன் கடை, எங்கள் அப்பா வீடு எல்லாம் கிழக்கே. பஸ் நிறுத்தம், கோயில், இந்த வீடு எல்லாம் மேற்கே. இந்த வீடு என் மாமா வீடு. என் அம்மாவுக்கு அண்ணன் அவர். அவர் மகனைத்தான் கட்டியிருக்கிறேன். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பத்து நாள் வீட்டில் இருந்தால் அதிகம்.

அப்பா மணிக் கட்சி. மாமா குடைக் கட்சி. இரண்டு பேரும் கிளைச் செயலாளர். என் பெயர் வெற்றிச்செல்வி என்று எழுதினீர்கள் அல்லவா? நான் பிறந்த வருஷம் மணிக் கட்சி ஜெயித்தது, அதனால் அப்பா வைத்த பெயர். மாமா ஒரு நாளும் என்னை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. செல்வி என்பார். முன்னால் இருக்கிற வெற்றியை அவர் வாயால் சொல்ல மாட்டார்.

இந்த ரோட்டைக் கொண்டுவந்தது குடைக் கட்சி ஆட்சி. பத்து வருஷம் முந்தி நிலம் எடுக்கிற கூட்டத்தில் மாமா எழுந்து, அரசாங்கத்துக் காசு ஒரு பைசா செலவில்லாமல் ரோடு வருகிறது, முதலீடு இல்லாமல் முன்னேற்றம் ஏது என்று பேசினார். அப்பா எழுந்து, ஊரை விற்றுவிட்டார்கள், சொந்த வாசலில் நிற்பதற்கு எவனோ ஒருவனுக்கு வாடகை கொடுப்பதா என்று கேட்டார். இரண்டும் கேட்க நன்றாகத்தான் இருந்தது. எழுதிக் கொடுத்தவள் நான்தானே. அப்போது பிளஸ் டூ முடித்து வீட்டில் இருந்தேன். எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். இரண்டு பேருமே எழுதச் சொன்னார்கள், எழுதிக் கொடுத்தேன்.

ஆனால் நான் எழுதாத ஒரு வார்த்தையை அப்பா மைக்கில் சேர்த்துக்கொண்டார். வீட்டுக்குள்ளேயே புரோக்கர் வைத்திருக்கிறேன் என்றார். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனவர்தான். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சில்லை.

அதற்கு முந்தின வாரம்தான் எங்கள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்திருந்தது. கல்யாணம் நிற்கவில்லை. பேச்சுதான் நின்றது. மண்டபத்தில் மாமா ஒரு தூணைப் பார்த்து, பொண்ணு வீட்டுக்காரங்க இலை போட்டாச்சான்னு கேளுங்கப்பா என்பார். ரெண்டு முழம் தள்ளி நின்ற அப்பா இன்னொரு தூணைப் பார்த்து, போட்டாச்சுன்னு சொல்லுங்கப்பா என்பார். தூணுக்கு வாய் இருந்தால் அழுதிருக்கும்.

கல்யாணத்துக்கு அப்புறம் அந்தத் தூண் வேலை எனக்கு வந்துவிட்டது. இங்கிருந்து மாமா ஒன்று சொல்லி அனுப்புவார், அங்கே போய்ச் சொல்ல வேண்டும். அப்பா அதற்குப் பதில் சொல்லி அனுப்புவார், இங்கே வந்து சொல்ல வேண்டும். ஓசியில ரோடு வந்திருக்கு, உங்க அப்பனுக்கு என்ன எரியுதாம்னு கேளு என்பார் மாமா. நான் அங்கே போய், மாமா உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது என்று கேட்டார் என்பேன். அப்பா முட்டியைத் தடவிக்கொண்டே, தைலம் போட்டேன், தேவலைன்னு சொல்லு என்பார். நான் இங்கே வந்து, எரிகிறதுதான், நெருப்பு உன் வீட்டு வாசலுக்கு வரும்போது தெரியும் என்றார் என்று சொல்வேன். ஏன் என்கிறீர்களா? மாமாவுக்குச் சண்டை இல்லாவிட்டால் சோறு இறங்காது. அப்பாவுக்குச் சண்டை போட்டால் பி.பி. ஏறும். அவரவர் உடம்புக்கு ஏற்ற மாதிரி கொண்டுபோய்க் கொடுத்தேன். இதைத் தலையிடுவது என்று சொல்ல முடியுமா, சொல்லுங்கள்.

மகிழினி பிறந்த பிறகும் இதே கதைதான். மகிழினி என் பெண், ஒன்றாம் வகுப்பு. ஒரு நாளாவது பதில் கேட்காமல் அனுப்புவாரா அப்பா? நாளைக்கு என்ன சொல்றான்னு கேட்டுட்டு வா, பாப்பாவையும் கூட்டிட்டு வா என்பார். பையில் அவளுக்கென்று கடலை மிட்டாய் தயாராக இருக்கும். மாமாவும் சளைத்தவர் இல்லை. நாங்கள் திரும்பி வருகிற நேரத்துக்கு வாசலில் நின்று, என்ன சொன்னான் என்று கேட்பதற்கு முன்னாலேயே பிள்ளையைத் தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொள்வார். அவ்வளவு அவசரம், பதிலைக் கேட்க. அரசியல் பைத்தியம் பிடித்துவிட்டால் பிள்ளையைக் கூட நடக்க விடாது பாருங்கள்.

சரி, ரோட்டுக்கு வருகிறேன். ரோட்டுக்கு நடுவில் இடுப்பு உயரத்துக்குச் சிமெண்டுத் தடுப்பு. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக இடைவெளி டோல்கேட்டுக்குப் பக்கத்தில்தான், ஒன்றரைக் கிலோமீட்டர். அங்கே போய்த் திரும்பி வந்தால் மூன்று. கண்ணுக்கு நேராகப் பள்ளிக்கூடம் தெரியும், மணியடிக்கிற சத்தம் கேட்கும், போவதற்கு முக்கால் மணி நேரம். அதனால் ஊரே தடுப்பைத் தாண்டிக் குதிக்கிறது. நான் குதித்ததில்லை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு சுற்றித்தான் போவேன்.

போன ஆனி மாதம், பள்ளிக்கூடம் திறந்து ஒரு வாரம். தூறல். எதிரே தடுப்புக்கு அந்தப் பக்கம் மகிழினியின் சிநேகிதப் பிள்ளைகள் நின்று அவளைக் கூப்பிட்டார்கள். கையை உருவிக்கொண்டு ஓடிவிட்டாள். நான் எட்டிப் பிடித்தது பையின் வாரைத்தான். பிள்ளை பையோடு மல்லாந்து என் மேல் விழுந்தாள். பையிலிருந்து சாப்பாட்டு டப்பா உருண்டு போனது. லாரி ஒன்று போயிற்று.

அலமாரிக்கு மேலே பாருங்கள். தட்டு மாதிரி இருக்கிறதே, அதுதான் அந்த டப்பா. யாரிடமும் சொல்லவில்லை. இவரிடம் கூடச் சொல்லவில்லை. லாரி ஓட்டுகிற மனுஷன், அதைக் கேட்டுவிட்டு எப்படி ஸ்டியரிங்கைப் பிடிப்பார்?

ஒரு சுரங்கப்பாதை வேண்டும், அவ்வளவுதான். ரோட்டுக்கு அடியில் நடந்து போகிற மாதிரி ஒன்று. டோல்கேட் ஆபீசில் போய்க் கேட்டேன். ஒப்பந்தத்தில் இல்லை, நெடுஞ்சாலைத் துறையைக் கேளுங்கள் என்றார்கள். அங்கே போனால், பராமரிப்பெல்லாம் கம்பெனி, அவர்களைக் கேளுங்கள் என்றார்கள். அப்பாவைக் கேட்டால், உன் மாமன் கொண்டுவந்த ரோடுதானே, அவனைக் கேளு என்றார். மாமாவைக் கேட்டால், இப்ப உங்க அப்பன் ஆட்சிதானே, அவனைக் கேளு என்றார்.

ஆமாம், ஆட்சி மாறிவிட்டது. அதைச் சொல்ல மறந்துவிட்டேன். அதற்கு முந்தின வருஷம் மணிக் கட்சி ஜெயித்தது. அப்பா ஊர் முழுக்க லட்டு கொடுத்தார். இனிமேல் டோல்கேட்டைப் பிடுங்கிவிடுவார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். பிடுங்கவில்லை. அதே கம்பெனி ரோட்டை ஆறு வழியாக்கப் போகிறது, அதற்காக இன்னும் பன்னிரண்டு வருஷம் கூடுதலாக வசூல் பண்ணிக்கொள்ளலாம் என்று அறிவிப்பு வந்தது. பள்ளிக்கூடத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம், பேசுகிறவர்கள் பேச்சை எழுத்திலும் கொடுக்க வேண்டும் என்று தண்டோரா போட்டார்கள்.

அப்பா கூப்பிட்டு அனுப்பினார். முதலீடு இல்லாம முன்னேற்றம் ஏதுன்னு ஆரம்பிச்சு எழுதும்மா என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்தால் மாமா தயாராக உட்கார்ந்திருக்கிறார். ஊரை வித்துட்டாங்கன்னு ஆரம்பி செல்வி என்றார்.

நான் என்ன செய்வேன்? அந்த வாரம் முப்பது சீருடை பாக்கி. மிஷின் மேஜை இழுப்பறையில் நூல்கண்டுக்கு அடியில் பழைய பேச்செல்லாம் இருந்தது. கிராம சபைக் கூட்டம் வருஷத்துக்கு நாலு தடவை வரும், நாலு தடவையும் இரண்டு பேரும் இதே ரோட்டைப் பற்றித்தான் பேசுவார்கள், நாலு தடவையும் நான்தான் எழுதுவேன். எடுத்துப் பார்த்தேன். புதிதாக எழுத என்ன இருக்கிறது? மாமா பேச்சை அப்பாவுக்குக் காப்பி எடுத்தேன். அப்பா பேச்சை மாமாவுக்குக் காப்பி எடுத்தேன். குடை என்று இருந்த இடத்தில் மணி, மணி என்று இருந்த இடத்தில் குடை. மந்திரி பெயரை மாற்றினேன். இதில் சூழ்ச்சி ஒன்றும் இல்லை மேடம். நேரம் இல்லை, அதுதான் காரணம்.

ஒரே ஒரு வரி மட்டும் சேர்த்தேன். அப்பாவின் தாளில், இத்தனை கோடி முதலீடு செய்கிற பெருந்தன்மையான கம்பெனிக்கு, பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஒரு சுரங்கப்பாதை கட்டித் தருவது பெரிய காரியமா என்று. மாமாவின் தாளில், இத்தனை கோடி கொள்ளை அடிக்கிற கம்பெனி, பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஒரு சுரங்கப்பாதையாவது கட்டித் தரக் கூடாதா என்று. அந்தந்தக் கட்சிக்குப் பொருத்தமாகத்தான் போட்டேன்.

தப்பு எங்கே நடந்தது என்றால், பழைய பேச்சில் இரண்டு பேருமே மகிழினியை இழுத்திருந்தார்கள். ரோடு நல்லது என்று பேசும்போது மாமா, என் மகன் வயிற்றுப் பேத்தி உயிரோடு பிறந்ததே இந்த ரோட்டால்தான், ஆம்புலன்ஸ் இருபத்தைந்து நிமிஷத்தில் திருச்சி போய்ச் சேர்ந்தது என்பார். அது நிஜம். நான்தானே அந்த வண்டியில் படுத்திருந்தேன். ரோடு கெட்டது என்று பேசும்போது அப்பா, என் மகள் வயிற்றுப் பேத்தி பள்ளிக்கூடம் போக மூன்று கிலோமீட்டர் நடக்கிறாள் என்பார். அதுவும் நிஜம். கூட நடக்கிறவளும் நான்தான். கட்சி பெயரை மாற்றிய நான், அந்த மகனையும் மகளையும் மாற்ற மறந்துவிட்டேன்.

கூட்டத்துக்கு ஒரு அதிகாரியம்மா வந்திருந்தார். பக்கத்தில் கம்பெனி ஆள், சட்டையை மடித்து விட்டுக்கொண்டு கம்ப்யூட்டரோடு. நான் பெண்கள் வரிசையில், மடியில் மகிழினி. அப்பா முதலில் எழுந்தார். கண்ணாடி போட்டால் வயசு தெரியும் என்று போடவில்லை. மேடையில் அப்பாவுக்குத் தாளைப் பார்த்துப் படிக்கிற பழக்கம்தான் உண்டே தவிர, என்ன படிக்கிறோம் என்று பார்க்கிற பழக்கம் கிடையாது. முதலீடு, முன்னேற்றம் எல்லாம் முழங்கிவிட்டுக் கையை உயர்த்தி, "என் மகன் வயிற்றுப் பேத்தி உயிரோடு பிறந்ததே இந்தச் சாலையால்தான்" என்றார்.

பின்வரிசையிலிருந்து யாரோ, "அண்ணே, உங்களுக்கு இருக்கிறது ஒத்தப் பொம்பளப்பிள்ள. மகன் எங்க வச்சிருக்கீங்க?" என்று கேட்டார்கள். கூட்டம் சிரித்த சிரிப்பில் தகரக் கூரை ஆடியது. கிழக்குத் தெருக்காரர்கள் என் அம்மாவை வேறு திரும்பிப் பார்த்தார்கள். அம்மா முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர் மாமா. சிரித்த முகத்தோடேயே எழுந்து போய் மைக்கைப் பிடித்தார். குரலில் அப்படி ஒரு தெம்பு. விற்றுவிட்டார்கள், வாடகை கேட்கிறார்கள் என்று வெளுத்து வாங்கிக்கொண்டே வந்து, "என் மகள் வயிற்றுப் பேத்தி" என்றவர், நின்றுவிட்டார். அவருக்கு இருப்பது ஒரே மகன். என் வீட்டுக்காரர். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. என்ன நடக்கிறது என்று எல்லாருக்கும் புரிய ஆரம்பித்துவிட்டது. ஒவ்வொருவராகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் மகிழினிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே பின்னியிருந்த தலைதான்.

அப்பா உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்தார். ஒன்பது வருஷம் கழித்து, தூணைப் பார்க்காமல், நேராக மாமாவைப் பார்த்துப் பேசினார்.

"மச்சான், நீ படிக்கிறது என் பேச்சு."

மாமா தாளைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். "நீ படிச்சது மட்டும் யார் பேச்சு மாப்ளே? கை தூக்குற இடம் வரைக்கும் என்னோடது."

அதிகாரியம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அந்தப் பேத்தி யாருடைய பேத்தி என்று கேட்டார். இரண்டு பேரும் ஒரே குரலில் என் பேத்தி என்றார்கள். மகிழினி மடியிலிருந்து இறங்கிப் போய் நடுவில் நின்றுகொண்டாள். யாராவது மிட்டாய் தருவார்கள் என்று நினைத்திருப்பாள்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. இரண்டு தாளையும் வாங்கி மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். பிறகு கம்பெனி ஆளைப் பார்த்து, இந்த ரோட்டில் இது எனக்குப் பதினோராவது கூட்டம், இரண்டு கட்சியும் எழுத்தில் ஒரே கோரிக்கையைக் கொடுத்தது இங்கேதான் என்றார். கம்பெனி ஆள், அது திட்டத்தில் இல்லை மேடம் என்றார். அதிகாரியம்மா, ஆட்சேபம் இல்லை என்று இந்த ஊர் கையெழுத்துப் போடாவிட்டால் உங்கள் ஆறு வழியும் திட்டத்தில் இருக்காது என்று சொல்லிவிட்டு, ஏகமனதான கோரிக்கை, சுரங்கப்பாதை என்று அங்கேயே எழுதச் சொன்னார்.

அப்பாவுக்கும் மாமாவுக்கும் மறுக்க முடியவில்லை. அவரவர் வாயால் படித்தது. மாமா இன்னும் படித்து முடிக்கவில்லைதான், ஆனால் தாளில் இருக்கிறதே.

வீட்டுக்கு வந்ததும் மாமா என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். தண்ணீர் கேட்டார். சொம்பை வாங்கும்போது அலமாரிக்கு மேலே பார்த்துவிட்டு, அது என்ன தட்டு என்று கேட்டார். அப்போது சொன்னேன். சொம்பைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனார். டோல்கேட்டு வழியாகச் சுற்றி மூன்று கிலோமீட்டர் நடந்து அப்பா வீட்டுக்குப் போயிருக்கிறார். அங்கே என்ன பேசினார்கள் என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. அதுவரைக்கும் என் வழியாகப் போகாத வீட்டுப் பேச்சு அது ஒன்றுதான். மறுநாள் அப்பா மகிழினிக்குப் புது டப்பா வாங்கி அனுப்பியிருந்தார், இரண்டு அடுக்கு. கொண்டுவந்து கொடுத்தது மாமா.

எட்டு மாசத்தில் சுரங்கப்பாதை கட்டி முடித்தார்கள். நீங்கள் வந்த வழிதான். கிழக்கு வாசலில் மணிக் கட்சிக் கல்வெட்டு, மேற்கு வாசலில் குடைக் கட்சிக் கல்வெட்டு. அரசின் அயராத முயற்சியால் என்று அப்பா கல், மக்களின் தொடர் போராட்டத்தால் என்று மாமா கல். இரண்டையும் எழுதிக் கொடுத்தது யார் என்று கேட்காதீர்கள். கையெழுத்து நன்றாக இருப்பது ஒரு தொல்லை.

இப்போது பள்ளிக்கூடம் போக நாலு நிமிஷம். நேரில் பேசிக்கொள்கிறார்களே, இனி தூண் வேலை ஒழிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். எங்கே? முன்பு ஒரு நாளைக்கு ஒரு தடவை சொல்லி அனுப்பியவர்கள் இப்போது மூன்று தடவை சொல்லி அனுப்புகிறார்கள். காலையில் டீக்கடையில் ஒன்றாக உட்கார்ந்து பேசிவிட்டு வந்து, மத்தியானம் உங்க மாமன்கிட்ட இதைச் சொல்லு, பதில் கேட்டுட்டு பாப்பாவையும் கூட்டிட்டு வா என்றால் என்ன அர்த்தம்? நேரிலேயே சொல்லலாமே என்றால், அது வேற, இது வேற என்கிறார் அப்பா. இந்த அரசியல்வாதிகளை நம்மால் புரிந்துகொள்ளவே முடியாது மேடம்.

இதோ, காஜா முடிந்தது. உங்கள் கேள்விக்கு வருகிறேன். சரியா, தவறா? அந்த ரோடு இல்லாவிட்டால் என் பிள்ளை இல்லை. அந்த ரோட்டில்தான் என் பிள்ளை போயிருப்பாள். இதற்கு உங்களிடம் கட்டம் இருக்கிறதா? இல்லை அல்லவா. அதனால் எதில் வேண்டுமானாலும் டிக் போட்டுக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

எத்தனை தாள் வைத்திருக்கிறீர்கள்? எங்கள் ஊருக்கு நாற்பதா? சரி என்பவர்கள் ஒரு கட்டு, தவறு என்பவர்கள் ஒரு கட்டாகத்தானே பிரிப்பீர்கள்? இரண்டு கட்டும் ஒரே மேஜைக்குத்தானே போகும்?

வரும்போது பார்த்திருப்பீர்களே, சுரங்கப்பாதைக்குள்ளே விளக்கு இல்லை. ஆறு மணிக்கு மேல் செல்போனைப் பிடித்துக்கொண்டுதான் போகிறோம். பல்பு போடுவது பஞ்சாயத்து வேலை என்கிறது கம்பெனி, கம்பெனி வேலை என்கிறது பஞ்சாயத்து. தாளுக்கு அடியில் இதர கருத்துகள் என்று கொஞ்சம் இடம் விட்டிருக்கிறார்களே, யாரும் எதுவும் எழுதுவதில்லையா? வீணாகத்தானே போகிறது.

பேனாவைக் கொடுங்கள். நீங்கள் மோர் குடியுங்கள், வெயிலில் வந்திருக்கிறீர்கள். நாற்பதுதானே, குடித்து முடிப்பதற்குள் எழுதிவிடுவேன்.